உப்புக்கோடும் உடைமைக்கோடும்: சான் பிரான்சிஸ்கோப் பொங்குமுகத்தின் நீரியல் மாதிரிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

விஞ்ஞானத்தின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் விஞ்ஞானிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒருவர் ஒரு விதியைக் கண்டார். மற்றொருவர் அதனைத் திருத்தினார். மூன்றாமவர் அதனைப் பயன்பாட்டுக்குக் கொணர்ந்தார் என்றவாறு அவ்வரலாறு செல்லும். அவ்விதி ஏன் அக்காலத்தில், அவ்விடத்தில், யாருடைய தேவையின் பொருட்டுத் தேடப்பட்டது என்ற வினா எழுப்பப்படுவது அரிது. இலக்கியத்தைச் சமுதாயப் பின்னணியில் வைத்து நோக்குவதற்கு நாம் ஓரளவு பழகிவிட்டோம். ஒரு சமன்பாட்டையும் அவ்வாறு நோக்கலாமா என்று கேட்டால் நம்மிற் பலர் தயங்குவர். தயக்கத்திற்கு நியாயமும் உண்டு. கவிதை வர்க்கச் சார்புடையதாய் இருக்கலாம். உப்பு எந்த வர்க்கத்தையும் சார்ந்ததன்று.

இத்தயக்கத்தை மனதிற் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஆற்றின் வாயினூடாகக் கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளேறும் என்பதை முன்கூட்டிக் கணிப்பதற்கு மனிதர் அமைத்த மாதிரிகளே இங்கு ஆய்வுப்பொருள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட களம் கலிபோர்னியாவிலுள்ள சான் பிரான்சிஸ்கோப் பொங்குமுகம். வடக்கிலிருந்து வரும் சாக்ரமென்ரோ ஆறும் தெற்கிலிருந்து வரும் சான் வாக்கீன் ஆறும் ஒரு பரந்த டெல்டாவிற் சந்தித்து, சுசூன் விரிகுடா, கார்க்கினெஸ் நீரிணை, சான் பப்லோ விரிகுடா ஆகியவற்றைக் கடந்து, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வாயிலாகப் பசுபிக் சமுத்திரத்தை அடைகின்றன. உப்புநீரின் நகர்வு பற்றி நூறாண்டுகளுக்கு மேற்பட்ட அளவீடுகளும், நீதிமன்றத் தீர்ப்புகளும், ஒன்றன்மேலொன்றாக அமைந்த பல மாதிரிகளும் இவ்விடத்திற்கு உண்டு. விஞ்ஞானமும் சமுதாயமும் ஒன்றையொன்று தொடும் இடங்களைத் தெளிவாகக் காண இக்களம் வசதியானது.

2

முதலில் இயற்கையின் பக்கத்தை நோக்குவோம். ஆற்றின் நன்னீர் கடலின் உவர்நீரிலும் அடர்த்தி குறைந்தது. ஆகவே இரண்டும் சந்திக்கும்போது நன்னீர் மேலே படர்ந்து கடலை நோக்கிச் செல்ல, உவர்நீர் அடித்தளத்தை ஒட்டி ஓர் ஆப்பைப்போல உள்ளே நுழைய முற்படும். வற்றுப்பெருக்கு இவ்விரண்டையும் நாள்தோறும் முன்னும் பின்னுமாக அசைத்துக் கலக்குகிறது. கலப்பு மிகுந்த இடத்தில் உப்பு கடலிலிருந்து ஆற்றை நோக்கிப் படிப்படியாகக் குறைந்து செல்லும். கலப்புக் குறைந்த இடத்தில் மேலே நன்னீரும் கீழே உவர்நீருமாக இரு படைகள் தெளிவாக நிற்கும். நெய்தல் நிலத்தைப் பாடிய பழந்தமிழ்ப் புலவர் கழி, ஓதம், உவர் எனத் தனித்தனிச் சொற்களைக் கையாண்டனர். உமணரின் உப்பு வாணிபமும் அந்நிலத்தோடு சேர்த்தே பாடப்பட்டது. ஓதம் உள்ளேறி வருவது அவர்கள் நாளும் கண்ட காட்சி. எவ்வளவு தூரம் ஏறும் என்று கணக்கிட வேண்டிய தேவை அவர்களின் உற்பத்தி முறையில் எழவில்லை.

அத்தேவை எழும்போது கணக்கின் வடிவம் எளிமையாகவே தோன்றும். பொங்குமுகத்தின் ஒரு முனையில் கடல், மறுமுனையில் ஆறு. கடலின் முனையில் வற்றுப்பெருக்கின் உயரத்தையும் உப்பின் அளவையும் கொடுக்க வேண்டும். ஆற்றின் முனையில் வந்து சேரும் நன்னீரின் அளவைக் கொடுக்க வேண்டும். இடையிலுள்ள நீரின் இயக்கத்தையும் உப்பின் பரவலையும் சமன்பாடுகள் கூறும். இரு முனைகளிலும் கொடுக்கப்படும் இத்தரவுகளைக் கணிதவியலார் எல்லை நிபந்தனைகள் என்பர். சமன்பாடு எவ்வளவு செம்மையாக இருப்பினும் எல்லை நிபந்தனைகள் கொடுக்கப்படாவிடின் அது விடை தராது.

இக்கட்டுரையின் வாதம் இவ்விடத்திலேயே தொடங்குகிறது. கடலின் எல்லை நிபந்தனையைத் தருவன சந்திரனும் சூரியனும். ஆற்றின் எல்லை நிபந்தனையைத் தருவது யார்? மழையும் பனியும் என்பது பாதி விடையே. மலையிலிருந்து இறங்கிய நீரில் எவ்வளவு வயல்களுக்குத் திருப்பப்பட்டது, எவ்வளவு அணையின் பின்னே தேக்கப்பட்டது, எவ்வளவு பம்பிகளால் வேறு பள்ளத்தாக்குகளுக்கு இறைக்கப்பட்டது என்பவற்றைக் கழித்த பின் எஞ்சுவதே பொங்குமுகத்தை வந்தடைகிறது. அந்த எச்சத்தைத் தீர்மானிப்பன உடைமை உறவுகள்.

3

டெல்டா இயற்கையில் நாணலும் கோரையும் அடர்ந்த சதுப்புநிலமாக இருந்தது. 1850 இல் ஐக்கிய அமெரிக்க மத்திய அரசு சதுப்புநிலங்களை மாநிலங்களுக்குக் கையளிக்கும் சட்டத்தை இயற்றியது. கலிபோர்னியா அந்நிலங்களை ஏக்கர் ஒரு டொலர் என்ற அளவில் விற்றது. ஒருவர் வாங்கக்கூடிய நிலத்துக்கு முதலில் ஓர் உச்சவரம்பு இருந்தது. 1868 இல் அது நீக்கப்பட்டது. அதன்பின் பெரும் நிலக்கூட்டுகள் டெல்டாவைத் துண்டுகளாக வாங்கிக் கரையணைகள் எழுப்பத் தொடங்கின. அணை எழுப்பிய கைகள் பெரும்பாலும் சீனத் தொழிலாளருடையவை. தங்கம் தேடியும் புகையிரதப் பாதை அமைக்கவும் வந்த அவர்கள், சேற்றில் நின்று முற்றாநிலக்கரி மண்ணை வெட்டியும் சுமந்தும் தீவுகளை உருவாக்கினர். 1882 இல் சீனரின் வருகையைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. 1913 இல் குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர் நிலம் வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. 1915 இல் டெல்டாவில் சீனர் லொக் என்னும் சிற்றூரை அமைத்தபோது வீடுகள் அவர்களுடையவாயின. வீடு நின்ற நிலம் அவர்களுடையதாகவில்லை. சீனரைத் தொடர்ந்து ஜப்பானியரும் பஞ்சாபியரும் பிலிப்பினோக்களும் அவ்வயல்களில் உழைத்தனர்.

1880 நவம்பரில் சோர்கேக்கு எழுதிய கடிதம் ஒன்றில் கார்ல் மார்க்ஸ் கலிபோர்னியாவின் பொருளாதார நிலைமை பற்றிய தரவுகளைக் கேட்டார். முதலாளித்துவ மையப்படுத்தல் வேறெங்கும் இத்துணை வெட்கமின்றியும் விரைவாகவும் நிகழவில்லை என்பதே அவர் கூறிய காரணம். அவ்விரைவின் சுவடு நீரிலும் பதிந்தது. மலைச்சாரல்களில் பெருந்தாரைகளாக நீரைப் பாய்ச்சித் தங்கம் எடுத்த சுரங்கங்கள் கோடிக்கணக்கான கனயார் மண்ணை ஆறுகளில் இறக்கின. தாழ்நிலக் கமக்காரர் தொடுத்த வழக்கில் 1884 இல் நீதிமன்றம் அம்முறையைத் தடைசெய்தது. சுரங்க முதலை நில முதல் வென்றது என்று அத்தீர்ப்பைச் சுருக்கிக் கூறலாம். ஆயினும் இறங்கிய மண் ஆற்றுப்படுக்கையிலும் விரிகுடாவின் அடியிலும் தங்கிவிட்டது. புவியியலாளர் குறோவ் கார்ல் கில்பேர்ட் 1917 இல் வெளியிட்ட ஆய்வில் இம்மண்ணின் பயணத்தைக் கணக்கிட்டதோடு, சதுப்புநிலங்களை அணைகட்டி அடைப்பதால் வற்றுப்பெருக்கின்போது உட்புகும் நீரின் கனவளவு குறைவதையும் எடுத்துக்காட்டினார். பொங்குமுகத்தின் ஒரு பகுதியில் நிகழும் உடைமை மாற்றம் மறுமுனையில் கடலின் வாயிலிலுள்ள நீரோட்டத்தை மாற்றும் என்பதே அவருடைய கணக்கின் பொருள்.

4

உப்பின் நகர்வை ஒழுங்காக முதலில் அளந்தது எந்த ஆய்வுகூடமும் அன்று. ஒரு சீனித் தொழிற்சாலை. கார்க்கினெஸ் நீரிணைக் கரையில் குறொக்கற் என்னும் ஊரில் 1906 முதல் ஹவாய்த் தீவுகளின் கரும்புச் சீனி சுத்திகரிக்கப்பட்டது. சுத்திகரிப்புக்கு மிகத் தூய நன்னீர் வேண்டும். ஆலையின் படகுகள் உப்புக் குறைந்த நீர் கிடைக்கும் இடம்வரை ஆற்றில் மேலே சென்று நீரை நிரப்பி வந்தன. 1908 முதல் அப்படகுகள் சென்ற தூரம் குறித்துவைக்கப்பட்டது. மழைக்காலத்திற் சிறிது தூரம் போதுமாயிருந்தது. கோடையில் மேலும் மேலும் உள்ளே செல்ல நேர்ந்தது. உப்புக்கோட்டின் ஆண்டுச் சுழற்சியை இன்று ஆய்வாளர் மீளக் கட்டியெழுப்புவதற்கு இக்குறிப்புகள் அரிய சான்றாகின்றன. ஹவாயின் தோட்டங்களிற் குறைந்த கூலிக்கு வெட்டப்பட்ட கரும்பின் கணக்கேட்டில் ஒரு பொங்குமுகத்தின் இயற்கை வரலாறு எழுதப்பட்டிருத்தல் கவனத்திற்குரியது.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் சாக்ரமென்ரோப் பள்ளத்தாக்கில் நெற்செய்கை பெருகியது. 1912 அளவில் வணிகப்பயிராகத் தொடங்கிய நெல், போர்க்கால விலையேற்றத்தால் விரைந்து பரவிற்று. நெல் கோடையில் நீரை மிகுதியாக வேண்டும் பயிர்; கோடையே ஆறு மெலியும் காலம். அதே ஆண்டுகளில் வரட்சியும் சேர்ந்தது. சுசூன் விரிகுடாவரை உவர் ஏற, உவர்நீரில் வாழும் மரந்துளைக்கும் கப்பற்புழு அங்கிருந்த இறங்குதுறைகளின் மரத்தூண்களைத் துளைத்தது. 1919, 1920 ஆம் ஆண்டுகளில் துறைகள் இடிந்து வீழ்ந்தன. தூண்களை நட்டவர்கள் அவ்விடத்து நீர் நன்னீர் என்ற நம்பிக்கையிலேயே அவற்றை நட்டிருந்தனர்.

டெல்டாவின் மேற்கு விளிம்பிலுள்ள அன்ரியொக் நகரம் சான் வாக்கீன் ஆற்றிலிருந்து குடிநீர் பெற்று வந்தது. 1920 கோடையில் அதன் நீரெடுப்பு வாயிலை உவர் அடைந்தது. மேலே நீரைத் திருப்பிய நீர்ப்பாசன நிறுவனங்கள்மீது நகரம் வழக்குத் தொடர்ந்தது. கீழ் நீதிமன்றம் நகரத்துக்கு இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது. 1922 இல் மாநில உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. தீர்ப்பின் தருக்கம் நுணுகி நோக்கத்தக்கது. நகரம் குடிக்க எடுக்கும் நீர் மிகச் சிறிதளவு. அச்சிறிதளவு இனிப்பதற்காக உவரைப் பின்தள்ளிக் கடலிற் சென்று கலக்க வேண்டிய நீரோ பேரளவு. அப்பேரளவு நீரை வீணாகக் கடலுக்கு விடும்படி மேலேயுள்ள பாசனக்காரரைக் கேட்க நகரத்துக்கு உரிமை இல்லை.

இத்தீர்ப்பில் ஒரு நீரியல் மாதிரி மறைந்துள்ளது. கடலைச் சேரும் நன்னீர் வீணான நீர் என்பதே அதன் எடுகோள். உவரைத் தடுத்து நிறுத்துதல் நீர் செய்யும் ஒரு வேலையாகக் கொள்ளப்படவில்லை. விலைகொடுத்து விற்கப்படும் பயிரை விளைவிக்கும் நீர் பயன்பட்ட நீர். எல்லோருக்கும் பொதுவாக ஆற்றை இனிமையாக வைத்திருக்கும் நீர் பயன்படாத நீர். பயன்மதிப்புக்கும் பரிவர்த்தனை மதிப்புக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்க இதனைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. வழக்கின் இரு தரப்பும் நீருரிமை கோரிய தரப்புகளே என்பதையும் மறத்தலாகாது. நெல்வயலில் உழைத்தவரும் நகரத்தின் குடிநீரைக் குடித்த தொழிலாளரும் வழக்கின் கட்சிக்காரர் அல்லர்.

5

வழக்கில் தோற்ற நீர் விஞ்ஞானத்திடம் சென்றது. மாநிலம் 1920 முதல் பல நிலையங்களில் உவர்த்தன்மையை ஒழுங்காக அளக்கத் தொடங்கியது. அவற்றின் அடிப்படையில் இரு தீர்வுகள் ஆராயப்பட்டன. ஒன்று, நீரிணையின் குறுக்கே கட்டப்படும் பௌதிகத் தடுப்பு. பொறியியலாளர் வோக்கர் யங் தயாரித்து 1929 இல் வெளிவந்த அறிக்கை இதனை விரிவாக ஆராய்ந்தது. மற்றையது, மேலே அணைகட்டி மாரிநீரைத் தேக்கிக் கோடையில் விடுவித்து, நீரையே தடுப்பாகப் பயன்படுத்தும் முறை. றேமன்ட் மத்தியூ எழுதி 1931 இல் மாநில நீர்வளப் பிரிவு வெளியிட்ட இருபத்தேழாம் இலக்க வெளியீடு இரண்டாவதற்குக் கணித ஆதாரம் தந்தது. 1924, 1931 ஆகிய வரட்சியாண்டுகளில் உவர் டெல்டாவின் உட்பகுதிவரை ஏறியிருந்த நிலையில் அவ்வெளியீடு பெருமதிப்புப் பெற்றது.

அதன் முடிவு ஒரு தொகையாகச் சுருங்கியது: செக்கனுக்கு 3,300 கனஅடி நன்னீர் டெல்டாவிலிருந்து வெளியேறுமாயின், அன்ரியொக்கிற்குச் சற்று மேற்கேயுள்ள ஓர் இடத்துக்கு அப்பால், பத்து இலட்சம் பங்கு நீருக்கு ஆயிரம் பங்கு குளோரைட்டு என்னும் அளவுக்கு மேல் உவர் ஏறாது. தொகை நேர்மையான உழைப்பின் பயன். அளவீடுகளிலிருந்து முறையாகப் பெறப்பட்டது. ஆயின் எல்லைக்கல்லாக ஆயிரம் பங்கு ஏன் தெரியப்பட்டது? பாசனத்துக்கு அது ஒருவாறு பொருந்தும். குடிநீருக்குப் பரிந்துரைக்கப்படும் உச்ச அளவு 250 பங்கு. அதாவது, கோடு அன்ரியொக்கின் அருகே வரையப்பட்டபோதும் அன்ரியொக் குடிப்பதற்காக வரையப்படவில்லை. விதியை இயற்கை தந்தது. அளவுகோலைத் தந்தது பயிர். குடிநீரும் கைத்தொழில்நீரும் பின்னர் கொன்ரா கொஸ்ரா வாய்க்காலால் தனியாகக் கொண்டுவரப்பட்டன.

1938 இல் தொடங்கி 1945 இல் முடிந்த ஷாஸ்ரா அணையோடு இக்கணக்கு கொங்கிறீற்றில் உருப்பெற்றது. மத்திய பள்ளத்தாக்குத் திட்டம் எனப் பெயர்பெற்ற அப்பெருந்திட்டத்தின் நோக்கங்களில் உவர்க்கட்டுப்பாடும் ஒன்று. பொதுப்பணத்தாற் கட்டப்பட்ட அணையின் நீர் யாருக்குச் சேரும் என்ற வினா உடனே எழுந்தது. 1902 ஆம் ஆண்டின் மத்திய நிலமீட்புச் சட்டம் ஒருவருக்கு 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற்கு நீர் வழங்குவதைத் தடுத்தது. பெருநிலவுடைமையாளர் அவ்வரம்பைத் தளர்த்தப் பல ஆண்டுகள் போராடினர். 1982 இல் அது 960 ஏக்கராக உயர்த்தப்பட்டது. ஸ்ரைன்பெக்கின் ‘கோபத்தின் கனிகள்’ நாவலும், கேரி மக்வில்லியம்ஸ் எழுதிய ‘வயல்களிலுள்ள தொழிற்சாலைகள்’ என்னும் ஆய்வும் 1939 என்னும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. ஷாஸ்ராவின் அத்திவாரம் இடப்பட்ட காலமும் அதுவே. நாவலாசிரியன் கண்ட நாடோடிக் கூலியும், ஆய்வாளன் கண்ட பெருந்தோட்டமும், பொறியியலாளன் கண்ட 3,300 கனஅடியும் ஒரே சமூக உருவாக்கத்தின் மூன்று முகங்கள்.

6

சமன்பாட்டாற் கையாள முடியாத சிக்கலைச் சிறிய உருவில் கட்டிப் பார்க்கும் மரபு இதற்கு முந்தியது. 1885 அளவில் மன்செஸ்ரரில் ஒஸ்போர்ன் றெனோல்ட்ஸ் மேர்சிப் பொங்குமுகத்தின் சிற்றுருவை அமைத்து வற்றுப்பெருக்கை அதில் இயக்கிக் காட்டினார். மன்செஸ்ரர் கப்பற்கால்வாய் பற்றிய வாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சான் பிரான்சிஸ்கோவின் சிற்றுருவும் ஒரு வாதத்திலேயே பிறந்தது. நாடகத் தயாரிப்பாளராக விளங்கிய ஜோன் றேபர் என்பவர், விரிகுடாவின் குறுக்கே இரு பேரணைகள் கட்டி வடக்கிலும் தெற்கிலும் நன்னீர் ஏரிகளை ஆக்கலாம் என்ற திட்டத்தை 1940களில் பரப்பினார். அணைமேல் புகையிரதப் பாதையும் நெடுஞ்சாலையும், மீட்கப்படும் நிலத்தில் துறைமுகங்களும் கைத்தொழில்களும் அத்திட்டத்தில் அடங்கின. வணிகர்களும் அரசியல்வாதிகளும் பலர் அதனை ஆதரித்தனர்.

திட்டத்தைச் சோதிக்க இராணுவப் பொறியியற் படை 1957 இல் சோசலிற்றோவில் ஒரு சிற்றுருவை அமைத்தது. அது நிறுவப்பட்ட கட்டடம் இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கப்பல்கட்டுந் தளமொன்றின் களஞ்சியம். அத்தளத்திலேயே கறுப்பினத் தொழிலாளர் தொழிற்சங்கத்தின் நிறவேற்றுமையை எதிர்த்து வழக்காடி 1944 இல் வென்றனர். சிற்றுருவில் கிடைத்தூரம் ஆயிரத்தில் ஒன்றாகவும், ஆழம் நூறில் ஒன்றாகவும் குறைக்கப்பட்டன. இயற்கையின் ஒரு வற்றுப்பெருக்கு நாள் ஏறத்தாழப் பதினைந்து நிமிடத்தில் அங்கு நிகழ்ந்தது. ஒரு முனையில் உப்புநீரும் மறுமுனையில் நன்னீரும் விடப்பட்டன.

கிடைத்தூரத்திலும் ஆழம் பத்து மடங்கு மிகைப்படுத்தப்பட்டமையால் நீரோட்டம் இயற்கையைவிட எளிதாக வழுக்கிச் செல்லும். அதனைத் தடுக்க ஏறத்தாழ 2,50,000 செப்புத் தகடுகள் சிற்றுருவின் அடியில் நடப்பட்டன. ஏற்கெனவே அளக்கப்பட்ட வற்றுப்பெருக்கும் உவர்த்தன்மையும் சிற்றுருவில் சரியாகத் தோன்றும்வரை அத்தகடுகள் திருத்தப்பட்டன. இதன் அறிவாய்வியற் பொருள் முக்கியமானது. மாதிரி இயற்கையின் நேர்ப்பிரதி அன்று. நாம் அறிந்த இறந்தகாலத்துக்குப் பொருந்துமாறு இசைவாக்கப்பட்ட ஒரு கருவி அது. அறியாத எதிர்காலத்தைப் பற்றி அதனிடம் கேட்கிறோம். இறந்தகாலமும் எதிர்காலமும் ஒரே விதிகளுக்கு உட்படும் அளவுக்கே அதன் விடை நம்பத்தக்கது.

சோதனையின் பயன் யாது? றேபரின் அணைகள் வற்றுப்பெருக்கின் ஓட்டங்களைச் சீர்குலைக்கும் என்பதும், வாக்களித்த பயனைத் தரா என்பதும் வெளிப்பட்டன. 1963 இல் வெளியான அறிக்கையோடு திட்டம் கைவிடப்பட்டது. கொச்சையான வர்க்கக் குறைப்புவாதம் விளக்க முடியாத இடம் இது. அரசின் இராணுவப் பிரிவு, அரசின் பணத்தில், மூலதனம் விரும்பிய ஒரு திட்டத்தைச் சோதித்து, அது பொருந்தாது என்று கூறியது. உப்பு யாருடைய விருப்பத்துக்கும் வளைந்து கொடுக்கவில்லை. விஞ்ஞானத்தின் ஒப்பீட்டுச் சுதந்திரம் என்று நாம் கூறுவது இதனையே. அச்சுதந்திரத்தை மறுப்பவன் மார்க்சியத்தை அன்றி, தன் எதிராளியையே பலப்படுத்துகிறான்.

7

1951 இல் டெல்டாவின் தென்பகுதியில் பெரும் பம்பிகள் இயங்கத் தொடங்கின. 1960களின் இறுதியில் மாநிலத்தின் பம்பிகளும் அவற்றோடு சேர்ந்தன. நீர் கடலை நோக்கிச் செல்வதற்குப் பதிலாகச் சில கால்வாய்களில் பம்பியை நோக்கிப் பின்னோக்கி ஓடலாயிற்று. 1972 யூன் மாதம் அன்ட்ரஸ் தீவின் கரையணை உடைந்தபோது, தாழ்ந்து கிடந்த தீவை நிரப்பப் பாய்ந்த நீர் விரிகுடாவின் உவரையும் உள்ளே இழுத்துவந்து குடிநீர் வாய்க்கால்களைப் பாதித்தது. தீவுகள் தாழ்ந்தமைக்குக் காரணம் அவற்றின் மண்ணே. உலரவிட்டு உழப்பட்ட முற்றாநிலக்கரி மண் காற்றுப்பட்டு எரிந்தும் சுருங்கியும் போக, சில தீவுகள் கடல்மட்டத்துக்கு 15 அடிக்கும் மேலாகக் கீழே இறங்கிவிட்டன. டெல்டாவைச் சுற்றி நீரைத் திருப்பும் கால்வாய்த் திட்டத்தை 1982 யூனில் வாக்காளர் நிராகரித்தனர். சூழல் பேணுவோரும், தமக்கு அது போதாதென்று கருதிய பெருநிலவுடைமையாளர் சிலரும் அதனை ஒருங்கே எதிர்த்தனர்.

இக்காலத்தில் மாதிரி செப்புத் தகட்டிலிருந்து கணினிக்கு இடம்பெயர்ந்தது. சோசலிற்றோச் சிற்றுரு 2000 ஆம் ஆண்டோடு ஆய்வுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுக் காட்சிப்பொருளாயிற்று. 1990களில், அடித்தளத்தில் ஆயிரத்துக்கு இரண்டு பங்கு உப்புள்ள இடம் கடல்வாயிலிலிருந்து எத்தனை கிலோமீற்றர் தொலைவில் உள்ளது என்பதே பொங்குமுகத்தின் நலத்தை அளக்கும் அளவுகோலாக ஏற்கப்பட்டது. மீன்களின் பெருக்கமும் அக்கோட்டின் நிலையும் தொடர்புடையன எனக் காணப்பட்டது. 1995 இல் அது மாநிலத்தின் நீர்த்தரத் திட்டத்தில் சட்டவலிமை பெற்றது. 1931 இல் பயிர் வரைந்த கோட்டை இப்போது மீனும் வரையலாயிற்று.

இக்கோட்டின் இயக்கம் பற்றிய இரு முடிவுகள் வரலாற்று மாணவனுக்குச் சிந்தனை தருவன. முதலாவது: கோடு நன்னீரோட்டத்துக்கு மிக மெதுவாகவே இணங்குகிறது. நன்னீரை இருமடங்காக்கினாலும் கோடு தனது தூரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பின்வாங்கும். இழந்த இடத்தை மீட்பதற்கு நீர் பெருமளவில் வேண்டும் என்பதே இதன் பொருள். இரண்டாவது: கோட்டுக்கு நினைவு உண்டு. அன்றாடக் கணிப்புக்குப் பயன்படும் ஒரு சூத்திரத்தில் நேற்றைய தூரம் 0.945 ஆற் பெருக்கப்படுகிறது. இன்றைய ஓட்டம் தருவது அதன்மேல் ஒரு சிறு திருத்தம் மாத்திரமே. இன்றைய உவர் பெரும்பாலும் நேற்றைய உவரே. ஒரு கோடையில் எடுத்த முடிவு அடுத்து வரும் வாரங்களின் நீரில் தங்கிநிற்கிறது.

ஆயினும் இத்துணை நுட்பமான கணிதத்தினுள்ளே ஒரு வெற்றிடம் நெடுங்காலம் இருந்தது. கடலுக்கு வெளியேறும் நிகர நன்னீரை நேரே அளத்தல் கடினம். முன்னும் பின்னும் அசையும் வற்றுப்பெருக்கு அதனைவிடப் பன்மடங்கு பெரியது. ஆகவே அது ஒரு கணக்குப்புத்தக மிச்சமாகப் பெறப்பட்டது: உள்ளே வந்த நீரிலிருந்து பம்பிகள் எடுத்ததையும் டெல்டாவின் வயல்கள் எடுத்ததையும் கழி. பம்பிகள் எடுத்தது தெரியும். வயல்கள் எடுத்தது அளக்கப்படவில்லை. பயிரின் பரப்பைக் கொண்டு மதிப்பிடப்பட்டது. பெரிய நீருரிமையாளர் தாம் எடுக்கும் நீரை அளந்து அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 2015 இலேயே வந்தது. சந்திரனின் இழுவையை நிமிடக் கணக்கிற் கூறத் தெரிந்த ஒரு சமுதாயத்தில், அயல்வயலின் மடைவாயிலால் எவ்வளவு நீர் செல்கிறது என்பது தெரியாதிருந்தது. அறியாமைக்குக் காரணம் கருவியின்மை அன்று. உடைமை தன்னை அளக்க அனுமதிக்கவில்லை. மாதிரியின் ஆற்றுமுனையில் உடைமை உறவு ஒரு பிழையாகவே நுழைந்துவிடுகிறது. எவ்வளவு கணினி வலிமையாலும் அப்பிழையை நீக்க முடியாது.

8

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். உப்புநீரின் நகர்வு புறநிலையான விதிகளுக்கு உட்பட்டது. அவ்விதிகளை வெளிப்படுத்திய ஆய்வு, சில வேளைகளில் ஆளும் நலன்களின் கனவுகளையும் பொய்ப்பித்துள்ளது. இதனை மறுத்து, மாதிரி யாவும் மூலதனத்தின் கருத்துநிலை என்று கூறுதல் தவறு. அதேவேளை, மாதிரி நடுநிலையானது, முடிவெடுப்பதே அரசியல் என்று பிரித்துக் கூறுதலும் தவறு. எந்தக் கோட்டைக் கணிப்பது, எவ்வளவு உப்பைத் தாங்கத்தக்கது என்பது, எந்த நீரை வீண் என்பது, எதனை அளக்காது விடுவது என்பன சமன்பாட்டுக்கு முன்பே தீர்மானிக்கப்படுகின்றன. சமன்பாட்டின் உள்ளே இயற்கை பேசுகிறது. அதன் எல்லைகளில் சமுதாயம் பேசுகிறது.

2015 ஆம் ஆண்டு வரட்சியில் டெல்டாவின் ஒரு கால்வாய்க்குக் குறுக்கே கற்களைக் குவித்துத் தற்காலிகத் தடுப்பு அமைக்கப்பட்டது. 2021 இல் மீண்டும் அமைக்கப்பட்டது. 1922 இல் தோற்ற அன்ரியொக் நகரம், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், தன் ஆற்றின் உவரை நீக்கும் ஆலையொன்றின் கட்டுமானத்தை 2021 இல் தொடங்கியது. ‘வீணான’ நீர் செய்த வேலையை இனி மின்சாரமும் மென்சவ்வும் செய்ய வேண்டும். அதற்குரிய விலையை நகரத்து மக்கள் கொடுக்க வேண்டும். கடல்மட்டம் உயர்ந்து வருகையில் அவ்விலை குறையப் போவதில்லை.

இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடனீரேரிகளிலிருந்து உவரை அகற்றி நன்னீரைத் தேக்கும் எண்ணமே தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் அடிப்படை. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டமும், ஆனையிறவுக் கடனீரேரியை உள்ளடக்கி, அவ்வெண்ணத்தையே விரித்தது. நமது வற்றுப்பெருக்கு மிகச் சிறியது; நம் நிலம் சுண்ணக்கல்; சான் பிரான்சிஸ்கோவின் தொகைகளை இங்கு கொண்டுவந்து பொருத்துதல் இயலாது. கொண்டுவரத்தக்கது வினாக்களின் ஒழுங்கே. எந்த ஏரியில் எவ்வளவு உப்பு வேண்டும் என்று கமக்காரனிடம் மட்டுமன்றி இறால் பிடிப்பவனிடமும் கேட்டோமா? கிணற்று நீர் யாருடைய பம்பியால் எவ்வளவு இறைக்கப்படுகிறது என்பதை அளந்தோமா? இவ்விரண்டுக்கும் விடை பெற்ற பின்னரே மாதிரி அமைப்பவர் தம் பணியைத் தொடங்க முடியும். அவ்விடைகளைப் பெறுவது நீரியலாளருக்கு மாத்திரம் உரிய பணியன்று. சமூகவியலாரும் வரலாற்று மாணவரும் அதிற் பங்குகொள்ள வேண்டியவர்களே.